திரும்பி வந்த புத்தகங்கள்

இந்த முதலாண்டு நினைவு மலரின் முதல் பக்கத்தில் அப்பாவை ‘அறிவுக் களஞ்சியம்’ என்று போட்டிருப்பது சித்தப்பாவின் ஏற்பாடு. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் கட்டுரையை அச்சுக்கு முன் தம்மிடம் காட்டச் சொன்னார். காட்டாமல் நேரே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவரும் இன்று உறவினர்களான உங்களோடு சேர்ந்துதான் இதைப் படிக்கிறார்.

அப்பா சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டம் கைமாறித் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தபோது குடும்பம் பினாங்குத் தீவுக்கு வந்து சுங்கை பினாங்கில் குடியேறியது. தம்பி படிக்கட்டும் என்று அப்பா தம் படிப்பை நிறுத்தினார். அந்தத் தம்பிதான் சித்தப்பா. அதன்பின் கடைசிவரை, லிட்டில் இந்தியாவில் பாய் ஒருவரின் துணிக்கடை முன்னால், அஞ்சடி நடைபாதையில் இரண்டு மடக்கு மேசை போட்டுப் பழைய புத்தகம் விற்றார்.

இனிமையாகப் பேசுவார் என்று பொய் எழுத மாட்டேன். காலையில் நாளிதழைப் பிரித்ததும் திட்டத் தொடங்குவார். “அமைச்சர் சிரிக்கிறாரு பாரு. என்னமோ வெல ஏறப்போகுதுலா.” போகிறவர்கள் நின்று கேட்டு, சிரித்து, புத்தகம் வாங்காமல் போவார்கள்.

உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவர் கொடுத்ததெல்லாம் புத்தகம்தான். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், தேதி, அதன்கீழ் அன்றைய செய்தியைப் பற்றி அவர் நினைத்தது நான்கு வரி. காலை நாளிதழ் வந்து, படித்து, எழுதி, மை காய்ந்த பிறகே கிளம்புவார். அதனால்தான் எல்லா விசேஷத்துக்கும் தாமதமாக வந்தார். திமிர் பிடித்தவர் என்று நீங்கள் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது.

சித்தப்பா மகளின் திருமணத்தில் நான் பக்கத்தில்தான் நின்றேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் சித்தப்பா, “அண்ணன் புக் பிஸ்னஸ் பண்றாரு” என்றார். அப்பா திருத்தினார். “ரோட்டோரம் பழைய புத்தகம் விக்கிறேங்க.” அதற்காகச் சித்தப்பா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்ற ஆண்டு அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மருத்துவமனையில் படுத்திருந்த மூன்று வாரமும், ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதியிடம் நாளிதழை வாசிக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். உங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லையாம். இறுதிச் சடங்கில் மட்டும் ஒலிபெருக்கி பிடித்துப் பேசுவதற்கு இடமும் நேரமும் தாராளமாகக் கிடைத்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையை ஒழிக்கப் போனேன். மேசைக்கடியில் ஒரு பெட்டி. உள்ளே பதினெட்டுப் புத்தகங்கள். எல்லாம் அப்பா உறவினருக்குக் கொடுத்தவை, அவர் கையெழுத்தோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புத்தகம் கொண்டுவரும் பழைய பேப்பர் லோரிக்காரரைக் கேட்டேன்.

“வீட்டு வீடா பேப்பர் எடுக்கறப்ப இதுவும் வரும்க்கா. மொத தடவ கொண்டாந்தப்ப அப்பா தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு. ‘வேற கையில போவ வேணாம், எங்கிட்டயே கொண்டா’ன்னாரு.”

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் போடக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. உங்களிடமிருந்து திரும்பி வந்த ஒவ்வொன்றிலும் அப்பா இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தார். சித்தப்பாவின் புதுமனைக்குக் கொடுத்ததில் இப்படி: “நான்கே மாதத்தில் வந்துவிட்டது. வீட்டுக்காரர் நலம் என்று தெரிகிறது.” நான் சிரித்தேன். பிறகு நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். உங்கள்மேல் அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்றும் இல்லை.

நன்றி சொல்லியாக வேண்டும். நடைபாதையில் இடம் கொடுத்த துணிக்கடை பாய்க்கு, வாசித்துக் காட்டித் திட்டும் கேட்ட மிஸ்ஸிக்கு, லோரிக்காரருக்கு நன்றி. உறவினர் பெயர்களையும் சேர்க்கச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் வாசல் மேசைக்கு வாருங்கள். உங்கள் பெயரெழுதிய பொட்டலம் அங்கே இருக்கும். இந்த முறையும் லோரியில் போட்டால், வாங்கிப் பத்திரப்படுத்த அங்கே ஆள் இல்லை.

பதினெட்டில் ஒன்றில் மட்டும் பெயர் தெரியாதபடி கறுப்பு மையால் அழுத்தி அடித்திருந்தது. தேதி தெரிந்தது. கெலுகோரில் என் வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள். கீழே எழுதியிருந்தார்: “தீவில் பாதிக்கு இன்று தண்ணீர் இல்லையாம். ஆனாலும் ஒரு வீட்டில் பால் பொங்கும். வேறு செய்தி இன்று எனக்கு வேண்டாம்.” தவறிப்போய் லோரிக்குப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லை, இடத்தை அடைக்கிறதென்று நானேதான் கட்டிப் போட்டேன். திரும்பி வந்ததைப் பற்றி அதில் மட்டும் அப்பா ஒரு வரியும் சேர்க்கவில்லை. உங்கள் பெயர்களை அப்படியே விட்டவர், என் பெயரை மட்டும் யார் கண்ணிலும் படாமல் மறைத்திருந்தார்.

அந்தப் பொட்டலமும் மேசையில்தான் இருக்கும். மேலே என் பெயரை நானே எழுதியிருக்கிறேன், எல்லாரும் பார்க்கும்படி.

– மகள்