ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

கோவில்பட்டியில் ஏறிய பெங்களூர் பஸ் என்னை ஓசூரில் இறக்கிவிட்டபோது காலை ஆறரை மணி. கார்த்திகைக் கடைசி. சூளகிரி வருவதற்குள்ளேயே ஜன்னலை மூடச் சொல்லி பஸ்ஸுக்குள் சண்டை. இறங்கி வாயைத் திறந்தால் புகையாக வருகிறது. எங்கள் ஊரில் டிசம்பரிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவள் நான், ஒரு சால்வைகூட எடுத்து வரவில்லை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத என் வீட்டுக்காரரை பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி நாலு மாதத்தில் நேருக்கு நேர் நின்று நாங்கள் போட்ட இரண்டாவது சண்டை அது. மற்றதெல்லாம் எஸ்.டி.டி. பூத்தில் நடந்தவை.

அவர் பெயர் கணேசன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். என் பையில் அன்று மாலை ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பும் டிக்கெட் இருந்தது. என் மாமியார் எடுத்துக் கொடுத்தது. “வீடு கெடைச்சா இரு. கெடைக்கலன்னா பேசாம வந்துரு. சித்திரைக்குப் பொறவு பாத்துக்கிடலாம்” என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்திரைக்கு இன்னும் நாலு மாதம்.

நான் நேரில் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஓசூரில் தனி ஆளுக்கு வீடு தருவதில்லை. “ஃபேமிலியா?” என்பதுதான் முதல் கேள்வி. “ஃபேமிலிதான், ஊர்ல இருக்கு” என்று இவர் சொன்னால், “அப்ப கூட்டிட்டு வந்து காட்டுங்க” என்று கதவைச் சாத்திவிடுவார்கள். வீடு இல்லாமல் பெண்டாட்டியைக் கூட்டி வர முடியாது. பெண்டாட்டி இல்லாமல் வீடு கிடையாது. ஆக, இவருக்குக் கல்யாணமானதற்குச் சாட்சியாகத்தான் இரவு முழுக்க பஸ்ஸில் வந்தேன்.

முகம் கழுவ மூக்கண்டப்பள்ளியில் அவருடைய அறைக்குப் போனோம். ஆறு பேருக்கு மூன்று பாய். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர், முதல் ஷிஃப்ட் போனவர் திரும்பியதும் எழுந்து பாயைக் கொடுத்துவிட வேண்டும். “மூணு மணியானா தன்னால முழிச்சிரும்” என்றார், பெருமையாகவே.

பத்து மணிக்கு முதல் வீடு, பக்கத்துத் தெருவிலேயே. வாடகை ஆயிரத்து எண்ணூறு, பத்து மாத அட்வான்ஸ். பெங்களூர் வழக்கமாம். எங்கள் ஊரில் மூன்று மாதம் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். தண்ணீர் குழாயைக்கூடத் திறந்து பார்க்காமல் கும்பிடு போட்டு வெளியே வந்தோம்.

பன்னிரண்டு மணிபோல சிப்காட்டின் பின்புறம் ஒரு வரிசை வீடு. இரண்டு அறை, தனி கக்கூஸ், வாசலில் முருங்கை மரம். வாடகை எழுநூறு, அட்வான்ஸ் மூவாயிரம். தெருவில் ஓசையே இல்லை, கம்பெனிக்கும் நடந்தே போய்விடலாம். இவர் அந்த இடத்திலேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டார்: “இங்க கட்டில், அங்க டிவி.” இருநூறு ரூபாயை டோக்கன் அட்வான்ஸாக எடுத்துக்கொண்டு ஓனரைத் தேடிப் போனார்.

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். தர்மபுரிப் பக்கத்து அம்மா. அவர் வீட்டு அலமாரியில் டம்ளர், தட்டு எல்லாம் மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தன. சாமி படம் ஒன்றுகூட ஆணியில் தொங்கவில்லை, எல்லாவற்றையும் சுவரோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டேன்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமைம்மா” என்றார் அவர். “நாளைக்கு வந்து பாரு. இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இரும்பக் காய்ச்சி ஹேமர்ல அடிக்கற கம்பெனி. அடிச்சா டம்ளரெல்லாம் நவுந்து நவுந்து கீழ வுழுவுது. எங்க ஊட்டுக்காரருக்கு காது கொஞ்சம் மந்தம், அதனால குடியிருக்கறோம்.”

ஓடிப் போய் இவரைப் பிடித்து, சுத்தியல் சத்தத்தையும் அலமாரிச் சாக்கையும் சொன்னேன். ரூபாய் இன்னும் கையில்தான் இருந்தது. இரண்டு வருடமாக இதே சிப்காட்டில் வேலை, இந்தச் சத்தம் தெரியாதா என்றால், மற்ற ஆறு நாளும் இவர் தன் கம்பெனிக்குள் தன் மிஷின் சத்தத்தில் இருக்கிறார். வீடு பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

“பழகிரும் செல்வி” என்றார், டிக்கெட் இருந்த என் பையைப் பார்த்துக்கொண்டே. “நைட் ஷிஃப்ட் முடிச்சு பகல்ல எங்கன தூங்குவிய? அந்த சாக்கு மேலயா?” என்றேன். ரூபாயைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

மூன்றரைக்கு மத்திகிரி. ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய். வீட்டுக்காரம்மா சரோஜம்மா என்னோடு தமிழிலும், கீரைக்காரியிடம் கன்னடத்திலும், உள்ளே இருந்த கணவரிடம் தெலுங்கிலும் ஒரே மூச்சில் பேசினார். வாடகை தொள்ளாயிரம், அட்வான்ஸ் ஐந்து மாதம். மாடியில் ஒரே அறை, சுற்றி ரோஜாத் தோட்டம். எல்லாம் சரியாக வந்து கடைசியில் கேட்டார், “இவரு ஷிஃப்டா? ஷிஃப்டுக்காரங்களுக்குக் குடுக்கறதில்லம்மா. கம்பெனி பஸ்ஸு இங்க வராது. பன்னெண்டு மணிக்கு சைக்கிள்ல வந்து கேட்ட தட்டுனா யாரு எந்திரிக்கறது?”

“நான் எந்திரிச்சுத் தொறக்கேன்” என்றேன்.

“தெனமுமா?”

“அதுக்குத்தான இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த கொத்திலிருந்து கேட் சாவியைக் கழற்றி, இவரிடம் கொடுக்காமல், என் கையில் கொடுத்தார். அந்த இருநூறு ரூபாயை டோக்கனாகக் கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் சரோஜம்மாவின் ஸ்டவ்விலேயே பால் காய்ச்சினோம். ஆறு மணி பஸ் நான் இல்லாமல் போனது. டிக்கெட் காசு திரும்பாது என்று அத்தைக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

அந்த வாரம் இவருக்கு நைட் ஷிஃப்ட். செவ்வாய்க்கிழமை காலை சைக்கிளில் வந்து, வெறும் தரையில் புதுப் பாயை விரித்துப் படுத்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்து, கூவிக்கொண்டு வந்த கீரைக்காரியைக் கையைக் காட்டி அமர்த்தினேன். பாஷை தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் நாலு வீட்டு ரேடியோ பாடும். இங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அது ஒரு பயமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு உள்ளே சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். கண்கூடச் சரியாகத் திறக்காமல் எழுந்து, பாயை மளமளவென்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அதை வாங்கித் திரும்ப விரித்தேன். “படுங்க” என்றேன். “யாரும் வரல.”