லாட்ஜில் திரிந்த பினாயில்

பினாயில் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் சீசனிலேயே வேலைக்கு ஆபத்து வந்தது. தென்காசியில் ஒரு தகர ஷெட், நாலு பெண்கள், முதலாளி அண்ணாச்சி. கம்பெனி என்றால் அவ்வளவுதான். எங்கள் கருப்புப் பினாயிலில் பாதிக்கு மேல் குற்றாலத்தில் ஒரே லாட்ஜுக்குப் போனது.

அந்த லாட்ஜ் மேனேஜர் போனில் கத்தினார். "என்னவே அனுப்பியிருக்கீரு? வாளில ஊத்தினா பாலாட்டம் வெளுக்கணும்லா? இங்கன எண்ணெய் மிதக்குது. கலப்படம்!"

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் சரக்கையா கலப்படம்ங்கான்? இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று போனை வைத்தார். "பேச்சி, நீ போயி கேனைத் தூக்கிட்டு வா."

அந்த லாட்ஜ் ஆர்டர் கைவிட்டுப் போனால் ஷெட்டுக்குப் பூட்டுதான்.

லாட்ஜுக்குப் போனதும் மேனேஜர் என் கண் முன்னாலேயே வாளியில் ஊற்றிக் காட்டினார். பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக நின்றது, மேலே கருப்பாக எண்ணெய். "எங்க ஷெட்டுல நல்லாத்தான் வந்துச்சு சார்."

"அப்ப ரூமையெல்லாம் அங்கன தூக்கிட்டு வந்து கழுவட்டுமா?"

வந்ததே ஆத்திரம்! வேறு வாளியை இழுத்து, குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்து, அதே பினாயிலை விட்டேன். பாலாக வெளுத்தது. மேனேஜர் குனிந்து இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க தண்ணி எங்கன உள்ளது சார்?"

"சாரல் பொய்ச்சிருச்சுல்லா. கிழக்க இருந்து லாரில வருது."

குழாயைத் திறந்து நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு.

எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. பினாயிலில் போடும் சோப்புதான் கல்யாணத் தரகர். ஒரு கையால் எண்ணெயைப் பிடிக்கும், மறு கையால் தண்ணீரைப் பிடிக்கும். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீர் அந்தத் தரகரையே மடக்கிவிடும், சம்பந்தம் முறிந்துபோகும். அண்ணாச்சி சோப்புக்குப் பதிலாக, உப்புத் தண்ணீரைத் தாங்கும் வேறொரு தரகரை, எமல்சிஃபையர் என்ற ரசாயனத்தை வாங்கி, அந்த லாட்ஜுக்கென்று தனியாகக் கலந்தார்.

ஆர்டர் நிலைத்தது, பேச்சு நிலைக்கவில்லை. "மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "போனை வச்சவரு முதல்ல பேசட்டும்" என்றார் மேனேஜர். அதற்குப்பின் எல்லாம் என் வழியாகத்தான். "அவன்ட்ட சொல்லு", "அவருட்ட சொல்லு". திட்டை வழியில் உதிர்த்துவிட்டு, ஆர்டரை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: நடுவில் நிற்கிறவர் திரிந்துவிடக் கூடாது.

அண்ணாச்சி இறந்த அன்று மேனேஜர் மாலையோடு வந்தார். உடலைப் பார்த்தபடி நின்றவர், பழைய வழக்கப்படி என் பக்கம் திரும்பினார்.

"பேச்சி, நான் வந்திருக்கேன்னு அவருட்ட சொல்லு."

குனிந்து சொன்னேன்.