முதல் பக்கத்தில் ஜூடித்

"உள்ளாற இருக்கறத மொதல்ல முடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அச்செடுத்த தாளில் ஆக உள்ளே இருக்கும் அடைப்புக்குறியைப் பென்சிலால் வட்டமிடுகிறாள் ஜூடித். ஆமாமா, இல்லையா என்று ஓரத்தில் குறித்துவிட்டு, அதற்கு வெளியே இருக்கும் குறிக்கு வருகிறாள். கம்ப்யூட்டர் கண்ணிமைப்பதற்குள் முடிக்கிற வேலைதான். ஆனால் கையால் ஒரு தரம் போட்டுப் பார்க்காமல் அவள் எந்தக் கம்ப்யூட்டரையும் நம்பியதில்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில், இரண்டாயிரத்து இரண்டில், வலைத்தளத்தில் வரன் பார்த்துத் தரும் கம்பெனி அது. ஆயிரம் வரன்களுக்கு ஆயிரம் பக்கம் யார் எழுதுவது? எல்லாருக்கும் பொதுவான வார்ப்புப் பக்கம் ஒன்றுதான். அதன் நடுவே இரட்டை அடைப்புக்குறிக்குள் நிபந்தனைகள்: படம் இருந்தால் படத்தைப் போடு, இல்லாவிட்டால் பூங்கொத்தைப் போடு. அந்த வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, உள்ளிருந்து வெளியே கணக்கிட்டு விடை சொல்லும் நிரல் முழுக்க ஜூடித் எழுதியது.

மனுஷர்களிடமும் இதே கதைதான். "மழை இல்லேன்னா, நீ சாப்பிடலேன்னா, வெளிய போலாமா?" என்று பக்கத்து மேசை நாகேஷ் ஒருநாள் கேட்டான். "மழை இல்ல. நான் சாப்பிட்டேன். ஆகவே இல்ல" என்றாள். அப்புறம் அவன் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு ரொம்ப நாள் இருந்தது.

கோலார் தங்கவயல்காரி. சுரங்கம் மூடிய வருஷமே அப்பாவும் போய்விட்டார். ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறை. ஞாயிறு கோயில் விட்டு வந்தால் திங்கள் காலைவரை வாய்விட்டுப் பேச ஆளில்லை.

பொய்ப் பெயர் போட்டுச் சோதிப்பது அவளுக்கு ஆகாது. "பொய்ய குடுத்தா பொய்தான் வரும்" என்பாள். தளம் காலியாகக் கிடந்த நாளில் தன் பெயர், வயசு, படம் எல்லாம் உள்ளே போட்டாள். வேலை முடிந்தும் எடுக்க மனசு வரவில்லை. நாலு மாதம் கழித்து இந்த வாரம்தான் ஒசூரிலிருந்து ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், இரண்டு வரி எழுதினார்: 'முதல் பக்கத்தில் உங்கள் படம் பார்த்தேன். ஞாயிறன்று அக்காவை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துவந்து காட்டிவிட்டு எழுதுகிறேன்.' அதை எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள். பதில் எழுதக் கூச்சம். ஞாயிறு வரட்டும் என்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி சீனிவாசராகவன் வந்து நின்றார். "முப்பத்தஞ்சு தாண்டின பொண்கள் முதல் பேஜ்ல வேண்டாம் ஜூடித். வர்றவா கம்ப்ளெயின்ட் பண்றா. இன்னிக்கே போட்டுடு."

ஆண்களுக்கு விதி இல்லை. ஆண்பிள்ளைக்கு வயசாகுமா என்ன! கெட்ட மனுஷர் இல்லை அவர். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு முப்பத்தாறு என்பது பாவம், அவருக்கு ஞாபகமே இல்லை.

அந்த நிபந்தனையை எழுதினாள். வழக்கம்போலத் தன் விவரத்தையே வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தாள். பெண்ணா? ஆமாம். முப்பத்தைந்துக்கு மேலா? ஆமாம். ஆகவே மறை. பென்சில் அங்கேயே நின்றது. தன் வயசில் ஆறை அழித்து ஐந்து போட்டால் போதும், ஒருவருக்கும் தெரியாது. விரல் விசைவரை போய்விட்டது. "வேணாம் ஏசுவே. அவங்க அக்கா வயசு கேட்டா இன்னா சொல்றது" என்று முணுமுணுத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆச்சா?" என்று எட்டிப் பார்த்தார் முதலாளி. "சரி, எடுத்த எடம் காலியா தெரியாதோ?"

"தெரியாது சார். கீழ இருக்கறவங்க மேல வந்துடுவாங்க."

பக்கத்தைப் புதுப்பித்தாள். அவள் இருந்த கட்டத்தில் இருபத்துமூன்று வயசுப் பெண்ணொருத்தி வந்து சிரித்தாள். திரையில் தூசி படிந்திருந்தது. ஜூடித் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி, அந்தப் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரியும்படி மெல்லத் துடைத்துவிட்டாள்.