வெள்ளிக்கிழமைப் பானை

மாரியாயி தன் தகரக் குவளை இல்லாமல் எங்கும் போகமாட்டாள். கூலிக்குப் போகிற வீடுகளில் அதில்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவளே கழுவி எடுத்து வருவாள். 1999இல், வவுனியாவில் மகள் படித்த பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனபோதும் அது பையில் இருந்தது.

மேடையில் மகள் பிரேமிளாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பல சமூகத்து மாணவரை ஒன்றுசேர்த்தவருக்கான விருதாம். விடுதியில் இந்து, கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகள் தனித்தனிப் பானையில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இந்துக்களும் கத்தோலிக்கரும் இறைச்சி தொடுவதில்லை, மரக்கறி முஸ்லிம்களுக்கும் ஆகும் என்று கண்டுபிடித்து, அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே பானையை அடுப்பில் ஏற்றியவள் அவள்தான்.

மாரியாயிக்கு உடம்பு புல்லரித்தது. "என் வயித்திலயா இது பிறந்திச்சு?"

விழா முடிந்து தேத்தண்ணி வந்தபோது, பழக்கத்தில் குவளையை நீட்டினாள். ஊற்ற வந்தவள் மகளின் சிநேகிதி நிறஞ்சனா, முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை.

"அதை உள்ளுக்கு வையுங்கோ அம்மா."

கைக்கு வந்தது பீங்கான் கோப்பை. பக்கத்துக் கதிரையில் பேராசிரியர் குடித்துக்கொண்டிருந்ததும் அப்படியொன்றில்தான். மாரியாயி கோப்பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடித்து முடித்ததும் கழுவ எழுந்தாள்.

நிறஞ்சனா கோப்பையை வாங்கிக்கொண்டாள். "இருங்கோ அம்மா. எல்லாத்தையும் ஒண்டாய்ப் போட்டுத்தான் கழுவுவம்."