காது தெரியாத படம்

முகைதீனிடம் படம் எடுத்துக்கொண்ட யாருக்கும் காது தப்பியதில்லை. பம்பாய் தாராவியில் தொண்ணூறடி ரோட்டோரம் அவர் ஸ்டுடியோ. எண்பத்து மூன்றாம் வருஷம் வளைகுடாவுக்குப் போகிற கூட்டமெல்லாம் பாஸ்போர்ட் படத்துக்கு அங்கேதான் வரும். "ரெண்டு காதும் தெரியணும், சிரிக்கப்பிடாது" என்று முடியை ஒதுக்கிவிடுவார். கல்யாண மாப்பிள்ளைக்கும் அதே சட்டம், பால்குடிப் பிள்ளைக்கும் அதே சட்டம். பெரிய கமிஷனர் என்று நினைப்பு!

அந்தச் சட்டத்தைக் கிழிக்க ஒரு மத்தியானம் ரஷீதா வந்தாள். இடுப்பில் மகள் ஹபீபா. புருஷன் சிராஜ் சார்ஜாவுக்குப் போனபோது ரஷீதா முழுகாமல் இருந்தாள். மகளை அவன் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. போன மாதம் முகைதீன் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். பதில், அவன் பேசிப் பதிந்த கேசட்டில் வந்திருந்தது.

"காக்கா, அவுக என்ன பேசி அனுப்பிருக்காவ தெரியுமா? 'பிள்ளைக்கு என் காதுதான் இருக்கு, சரி. பிள்ள எப்படி இருக்கு?'ன்னு கேக்காவ!"

முகைதீனுக்குச் சுருக்கென்றது.

"பக்கத்து வீட்டு வாஹிது காக்கா இன்னைக்கு சாயந்தரம் சார்ஜா போறாவ. அவுக கையில குடுத்துவிடணும். இதுலயும் பிள்ள தெரியலன்னா, அவுக லீவுல வார வரைக்கும் காதத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

பிள்ளையை ஸ்டூலில் உட்கார்த்தினார். கை பழக்கத்தில் முடியை ஒதுக்கப் போனது. ஹபீபா வீலென்று கத்தி, இறங்கி, சந்துக்குள் ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்தது. அழுகை நின்றது. கழுத்து ஒடிகிற மாதிரி அண்ணாந்து, கையை வானத்துக்கு நீட்டிக் குதித்தாள். "வாப்பா! வாப்பா!"

"எந்த பிளேன் போனாலும் அதுக்கு வாப்பாதான்" என்றாள் ரஷீதா.

 முகைதீன் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடினார். சாக்கடைத் தண்ணீரில் மண்டியிட்டார். லுங்கி நனைந்தது தெரியவில்லை. அழுத்தினார்.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தண்ணீருக்குள் முதலில் ஒரு கை வந்தது. பிறகு திறந்த வாய். பிறகு வானத்தையே விழுங்கப் பார்க்கிற இரண்டு கண்கள். "யா அல்லா!" என்று கத்திவிட்டார். காது தூங்கும்போதும் அப்படியே இருக்கும், செத்தாலும் அப்படியே இருக்கும். ஆசை வந்தால் முகம் அப்படியா இருக்கிறது? அந்த ஒரு நொடியைப் பிடிக்கத்தானே இந்தப் பெட்டி! இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு காது எண்ணிக்கொண்டிருந்தோமே என்று அவருக்குச் சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

ஈரம் காயாத படத்தை ரஷீதா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "காதக் காணோம், சரி. பிளேனையும் காணோமே காக்கா? பிள்ள எதக் காட்டுதுன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

முகைதீன் படத்தை வாங்கிப் பார்த்தார். விமானம் படத்துக்குள் விழவே இல்லை. வாஹிதோ வாசலில் டாக்சியை நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் அப்படியே போய்விட்டது.

அடுத்த கேசட் வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ரஷீதா டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே ஓடி வந்தாள். பேச மூச்சில்லாமல் பட்டனை அழுத்தினாள்.

"ரூம்ல உள்ளவனெல்லாம் படத்தப் பிடுங்கிப் பிடுங்கிப் பாக்கானுவ, ரஷீதா" என்றது சிராஜின் குரல். "பிள்ள எதலே காட்டுதுன்னு கேக்கானுவ. என்னையத்தாம்லேன்னு சொல்லிட்டேன்."