பேசலாம், பாடக் கூடாது

தையல்காரரின் நெஞ்சு ஒருநாள் கடையிலேயே மக்கர் பண்ணியது. பிழைத்து எழுந்தவரிடம், தினமும் ‘ப்ரிஸ்க்’காக நடக்க வேண்டும், நெஞ்சு தேறினால்தான் மறுபடி மிஷினில் உட்கார விடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மிஷின் மிதித்தே உலகத்தைச் சுற்றியிருப்பேனே என்று இவர் வாதாடிப் பார்த்தார். அந்த மிதியெல்லாம் நடைக் கணக்கில் சேராதாம்.

ப்ரிஸ்க் என்றால் என்னவென்று டாக்டரைக் கேட்க வெட்கம். வேகத்துக்கு அவர் அறிந்த ஒரே இங்கிலீஷ் ‘அர்ஜென்ட்’. துணி கொடுக்கிற எல்லோரும் அதைச் சொல்வார்கள்; இவரும் தலையாட்டிவிட்டு நிதானமாகத் தைப்பார். மருமகனைக் கேட்டார். “வேகமா நடக்கிறது, மாமா,” என்றான். மறுநாள் நாய் துரத்தினாற்போல் கிளம்பியவர், தெருமுனை பேக்கரிப் படியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் பயத்தில், முட்டைக் கூடை சுமப்பவர்போல் நடந்தார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. நேரே அந்த டாக்டரின் நர்ஸிடம் போய்க் கேட்டு வந்தாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் ப்ரிஸ்க்.

இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றாத மனிதருக்கு இந்த அளவு பிடித்துப்போயிற்று. சிக்கல், பேச்சுதான். கடையில் எப்போதும் வாயில் குண்டூசி. வீட்டில் ஊசி இல்லாமலே அந்தப் பழக்கம் தொடர்ந்தது. எதைக் கேட்டாலும் ‘ம்’.

“நானும் கூட வரேன். பேசிக்கிட்டே நடங்க,” என்றாள்.

முதலில் காலரைப் பற்றிப் பேசினார். பிறகு சட்டைக் கை வெட்டுவது. பட்டன் ஓட்டை வரை தீர்ந்துபோனதும், வேறு வழியின்றிச் சொந்தக் கதைக்கு வந்தார். கடை திறந்த புதிதில் யாரும் வராமல் தன் சட்டையையே பிரித்துப் பிரித்துத் தைத்தது. நெஞ்சு வலித்தபோது, பாதி தைத்திருந்த கோட்டு மறந்துபோய் இவளை நினைத்தது. நடுநடுவே பாடச் சொல்லிச் சோதிப்பாள். பாட்டு வந்துவிட்டால் இருவருமே வேகத்தைக் கூட்டுவார்கள். அந்தக் குரலுக்கு வேறு மருந்தில்லை.

சொல் கைவந்த பெருமையில், நேற்று ப்ரிஸ்க்காகத் தூங்கினேன் என்றார். மருமகன் சிரித்துவிட்டு, நடைக்குச் சொல்லலாம், வியாபாரத்துக்கும் சொல்லலாம், தூக்கத்தை விட்டுவிடுங்கள் என்றான்.

பரிசோதித்த டாக்டர், மிஷினில் உட்காரலாம் என்றார். அந்த வார்த்தையைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி என்று தையல்காரர் கைகூப்பினார். எந்த வார்த்தை என்று டாக்டருக்குப் புரியவில்லை.

வாசலுக்கு வந்து மனைவி பக்கம் திரும்பினார். “உனக்கும்...” என்றவருக்கு, நின்ற இடத்தில் மேலே பேச்சு வரவில்லை.

“நடந்துக்கிட்டே சொல்லுங்க,” என்றாள்.