தலைவர் அழகுமுத்துவின் கன்னம்

டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த அழகுமுத்துவுக்கு எல்லாம் இருந்தது, கன்னம் மட்டும் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் அது உள்ளே ஒட்டிப்போய்விட்டது. பிரதேச சபைத் தேர்தலில் அவர் நின்றபோது போஸ்டருக்குப் படம் பிடிக்க வந்தவன், "பட்டினி கெடந்தவரு மாதிரி இருக்கீங்க தலைவரே" என்றான். தொழிலாளர் தலைவர் அப்படித் தெரிந்தால் என்ன குறை என்று இருவருமே யோசிக்கவில்லை.

கொழும்பில் சங்க வேலை என்று மனைவி மீனம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய், ஒரு சலூனில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டார். ஊசி வழியே போகிற ஜெல் உள்ளேயே தங்கிக் கன்னத்தை நிரப்புமாம். நிரப்பியது. போஸ்டரில் வயது பத்துக் குறைந்தது. தேர்தலில் தோற்றார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு இரண்டு கன்னமும் சிவந்து, கல்லுக் கல்லாக வீங்கின.

"பொன்னுக்கு வீங்கிதாங்க இது. இந்த வயசுலயா வரணும்" என்று மீனம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். மறுநாள் சம்பள உயர்வுக்கான போராட்டம். பவுன் சங்கிலி மின்ன, தலைவர் முன்வரிசையில் போய் நின்றார்.

கொழுந்து பறிக்கும் ராசம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "தொரை ஆள் வச்சு அடிச்சிட்டாராங்க?"

தலைவர் பொய் சொல்லவில்லை. "மக்களுக்காகன்னு வந்துட்டா எல்லாத்தையும் தாங்கணும்" என்று மட்டும் சொன்னார். கூட்டம் கொதித்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை மிரண்டுபோய், சம்பளத்தைப் பற்றி மூச்சு விடாமல், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

காய்ச்சல் விட்டும் வீக்கம் வடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "முகத்துக்கு ஏதாவது ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார். அழகுமுத்து மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"காய்ச்சல் வந்தா சில பேருக்கு உடம்பு அந்த ஜெல்லை எதிரியா நெனச்சுக்கும். மாசக்கணக்கா சும்மா இருந்துட்டும் வீங்கும். ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டரம்மா.

"இவரும் அபூர்வமான ஆளுதாங்க" என்றாள் மீனம்மா.

மருந்து கொடுத்து, கரைக்கிற ஊசியும் போட்டார்கள். கன்னம் பழையபடி குழி விழுந்தது.

தகரம் வந்த அன்று, அடி வாங்கிய தலைவருக்கு மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். அழகுமுத்து வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் அழுதார்கள். மீனம்மா மட்டும் கொழுந்துக்குப் போயிருந்தாள்.